கரடி ஒட்டிய வீடியோ கேமரா

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் ஓசியில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்புறம் யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு வீடியோ கேமரா வாங்கலாமென்று போயிருந்தேன். உள்ளங்கையில் பட்டையை மாட்டிக்கொண்டு எடுப்பார்களே, அந்தச் சின்ன டிஜிட்டல் கேமரா. பெட்டியில் கேம்கார்டர் என்று போட்டிருந்தது. கண்ணாடி அலமாரியில் பதினொரு மாடல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எனக்கு எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரிதான் தெரிந்தன. திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் ஒருவர் இரண்டு கேமராக்களை மாற்றி மாற்றி நீட்டி விற்பனையாளரைக் கேட்டார்: "ஒண்ணு தெளிவா இருக்கா? ரெண்டு தெளிவா இருக்கா?"

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியை அந்த ராகத்தில் கேட்பவர்கள் உலகத்தில் ஒரே தொழிலில்தான் இருக்கிறார்கள். நான் வீடு வந்து சேர்வதற்குள் அவருக்கு ஒரு கண்ணாடிக் கடை வைத்துக் கொடுத்துவிட்டேன், கல்யாணம் செய்து வைத்துவிட்டேன், ஒரு தங்கையைக் கொடுத்து அவளோடு சண்டையும் மூட்டிவிட்டேன். நான் கேமரா வாங்கினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

2

முதல் வாக்கியத்துக்குச் செய்த முயற்சிகள்:

[கண்களை விற்பவன் ஒருநாள் தனக்கே ஒரு கண் வாங்கப் போனான். — எழுதிவிட்டு ஐந்து நிமிடம் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பிறகு படித்துப் பார்த்தேன். அவர் எங்கே கண் விற்றார்? கண்ணாடியல்லவா விற்கிறார். அடித்துவிட்டேன்.]

[அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. — எதற்கு? கடைக்குள் நடக்கும் கதைக்கு மழையால் என்ன லாபம்? நிறுத்திவிட்டேன்.]

[ஏழு வருடங்களுக்கு முன், ஒட்டிய கவர் ஒன்றைத் தங்கையின் கையில் கொடுத்தபோது அவர் — இல்லை, இது இவ்வளவு சீக்கிரம் வரக்கூடாது. படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள்.]

ஆகவே சுற்றி வளைக்காமல் தொடங்குகிறேன்.

3

கண்ணாடிக்காரருக்கு நாற்பத்தெட்டு வயது. கீழே கடை, மாடியில் வீடு. மாடியில் மூன்று பேர்: பள்ளிப் பேருந்து ஓட்டும் மனைவி, வீட்டுச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்வதால் 'நீதிபதி' என்று பெயர் வாங்கிய பதினான்கு வயது மகள், ஓய்வுபெற்ற அப்பா. நான்காவதாக ஒருத்தி இருந்தாள். கண்ணாடிக்காரரைவிடப் பன்னிரண்டு வயது இளைய தங்கை. சின்ன வயதிலிருந்தே கப்பல் கப்பல் என்று உயிரை விட்டதால் அவளுக்கு வீட்டில் 'கப்பல்' என்றே பெயர். ஏழு வருடங்களாக அவள் வேறொரு நாட்டில் இருக்கிறாள்.

ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு அண்ணியின் போனுக்குக் கூப்பிடுவாள். அண்ணியோடு பேசுவாள், அப்பாவோடு பேசுவாள், நீதிபதியோடு அரை மணி நேரம் சிரிப்பாள். அண்ணனோடு மட்டும் பேச மாட்டாள். ஒருமுறை தெரியாமல் அவர் போனை எடுத்துவிட்டார். "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு அந்தப் போன் அடித்தாலே அவர் வேறு அறைக்குப் போய்விடுவார். போய், கதவோரமாக நின்றுகொள்வார்.

போன ஞாயிறு அவள் சொன்னாள்: "அண்ணி, உங்களையெல்லாம் பார்த்து எவ்ளோ நாளாச்சு. ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்களேன். அப்பா நடக்கறது, பேசறது, எல்லாரும் சும்மா வீட்டுல இருக்கறது."*

"எல்லாரும்னா?" என்று அண்ணி கேட்டார், கதவோரம் இருந்த நிழலைப் பார்த்துக்கொண்டே.



"எல்லாரும்னா எல்லாரும்தான்" என்றாள் கப்பல்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்காரர் மறுநாளே கேமராக் கடைக்கு ஓடினார். ஏழு வருடங்களில் அவர் பக்கம் திறந்த முதல் கதவு இது. இதில் எதையாவது சொதப்பினால் அடுத்த கதவு எப்போது திறக்குமோ, திறக்காமலே போகுமோ. அவருக்கு இருந்த பயம் இது ஒன்றுதான், நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதும் இது ஒன்றுதான்.

* வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். ஆனால் வீடியோ காலில் அண்ணனும் அவளைப் பார்த்துவிடுவார். எடுத்து அனுப்பிய வீடியோ என்றால் அவள் பார்க்கலாம், யாரும் அவளைப் பார்க்க முடியாது. கோபக்காரர்கள் இதையெல்லாம் சரியாக யோசித்துத்தான் செய்வார்கள்.

4

"போன்லயே எடுக்கலாமே சார்?" என்று கேட்டார் விற்பனையாளர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். நெட்டை என்று வைத்துக்கொள்வோம்.

"எங்கப்பா முன்னாடி போனை நீட்டினா, வாங்கிக் காதுல வெச்சு ஹலோங்கறாரு. வேற காட்டுங்க."

நெட்டை உற்சாகமாக ஒன்றை எடுத்தார். "எண்ணூறு மடங்கு ஜூம் சார்! தெருக்கோடியில நிக்கிறவர் மூக்குல ஈ உட்கார்ந்தாலும் தெரியும்."

"லென்ஸ் எத்தனை மடங்கு?"

"அது வந்து... முப்பது."

"அப்ப மிச்சம்?"

"அது டிஜிட்டல் ஜூம் சார். உள்ளயே பெரிசு பண்ணிக்கும்."

"எழுத்து மங்கலா இருக்குன்னு என் கடைக்கு ஒருத்தர் வர்றாரு. நான் கண்ணாடி குடுக்காம, பேப்பரை ஜெராக்ஸ் கடையில குடுத்து பெரிசாக்கித் தந்தா எப்படி இருக்கும்? மங்கலே பெரிசாயிடும். நீங்க முப்பதைப் பத்தி மட்டும் பேசுங்க."

அதன்பிறகு நடந்தது கேமரா விற்பனை அல்ல, கண் பரிசோதனை. கையில் பிடித்தபடி கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் வேகமாக நடந்து எடுத்துப் பார்த்தார், ஆட்டம் எவ்வளவு குறைகிறதென்று. விளக்குகளில் பாதியை அணைக்கச் சொல்லி, இருட்டில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறுகிறதா என்று பார்த்தார். நெட்டையைக் கடையின் மறுகோடிக்கு அனுப்பி, "அப்பா முணுமுணுக்கற மாதிரி முணுமுணுங்க" என்றார், மைக் எதைப் பிடிக்கிறதென்று கேட்க. யாருடைய அப்பா என்று நெட்டை கேட்கவில்லை, முணுமுணுத்தார். கடைசியில் இரண்டு கேமராக்கள் எஞ்சின. நெட்டையை முக்காலியில் உட்கார வைத்து, எதிர்ச்சுவரின் விலைப்பலகையைத் திரையில் காட்டி, "ஒண்ணு தெளிவா? ரெண்டு தெளிவா?" என்று கேட்டார். (இங்கேதான் நான் கதைக்குள் வந்தேன்.)

"ரெண்டுமே நல்லாத் தெரியுது சார். நேர்ல பார்க்கறதைவிடத் தெளிவு."

"நேர்ல எப்படித் தெரியுது?"

"நேர்ல எப்பவும் போல மங்கல்தான். எல்லாருக்கும் அப்படித்தானே சார்?"

கண்ணாடிக்காரர் கேமராவை மேசைமேல் வைத்தார். "நாளைக்குக் காலையில என் கடைக்கு வாங்க" என்றார் கனிவாக.

நெட்டை இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். மரங்களில் இலைகள் தனித்தனியாக இருப்பது தெரிந்து இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் என் கதையில் ஒருவராவது முழு நன்மையோடு வெளியே போகட்டுமே என்று விட்டுவைத்திருக்கிறேன்.

5

சண்டை என்ன என்று சொல்லாமல் இனி ஓட்ட முடியாது.

கப்பலுக்கு இருபத்தொன்பது வயதில் கப்பலில் வேலை கிடைத்தது. மேல்தளத்தில் நின்று கப்பலைச் செலுத்தும் பிரிவில். கண் பரிசோதனைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே போவானேன்? அண்ணன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். தூரத்து எழுத்து, கிட்டத்து எழுத்து எல்லாம் படபடவென்று படித்தாள். பிறகு அவர் நிறப் பரிசோதனைப் புத்தகத்தைத் திறந்தார். நிறப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்குமே, அது. எழுபத்துநான்கு இருக்கும் இடத்தில் இருபத்தொன்று என்று படித்தாள். சத்தமாக, சந்தேகமே இல்லாமல்.

சிவப்புக்கும் பச்சைக்கும் அவளுக்குத் துல்லியமாக வித்தியாசம் தெரியவில்லை.* எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறதென்பதைச் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போயிற்று. "நீ அப்படிப் பண்ணுவேன்னு நான் நினைக்கவே இல்லண்ணா" என்றாள். நான்கு மாதத்தில் வேறு நாட்டில் ஒரு துறைமுக அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு எந்த மேடையில் வந்து நிற்கவேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை.

"நான் பொய் எழுத முடியுமா? அந்தக் கப்பல்ல எத்தனை உசிரு இருக்கும்?" என்று அவர் ஏழு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும், நீங்க செஞ்சதுதான் சரி என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் படுகிறது. அதுவே எனக்கு உதைத்தது. சரியானதைச் செய்தவர் எதற்குக் கதவோரம் நின்று போனை ஒட்டுக்கேட்க வேண்டும்? இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆசாமி என்னிடமே எதையோ மறைக்கிறார்.

* பெண்களுக்கு இந்தக் குறை அபூர்வம். ஒரு பெண்ணுக்கு இருந்தால் பெரும்பாலும் அவள் அப்பாவுக்கும் இருக்கும் என்று படித்தேன். அதனால்தான் அந்த வீட்டில் தக்காளி வாங்க அப்பாவை அனுப்புவதில்லை.

6

படப்பிடிப்பு ஒரு விடுமுறை நாளில் காலையில் தொடங்கியது.

முதல் காட்சியிலேயே தகராறு. கேமராவின் முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அப்பா அட்டென்ஷனில் நின்றுவிட்டார். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவர் மாதிரி, மூச்சு விடுகிறாரா என்பதே தெரியவில்லை.

"பேசுங்கப்பா."

"எடுத்து முடி, பேசறேன்."

விளக்கு எரியும்வரை அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்று புரிந்தது. கண்ணாடிக்காரர் கீழே கடைக்குப் போய் ஒரு ஸ்டிக்கரோடு வந்தார். ஒரு கண் சோம்பலாக இருக்கும் குழந்தைகளுக்கு, நல்ல கண்ணை மூடி வைக்க ஒட்டுவார்களே, கரடி படம் போட்ட மறைப்பு. சின்னதாக வெட்டிச் சிவப்பு விளக்கின் மேல் ஒட்டினார். எடுப்பு ஆரம்பிக்கும்போது வரும் 'பீப்' ஒலிக்கும் அப்பா திடுக்கிட்டதால் அதையும் அணைத்தார்.

அடுத்தது நீதிபதி. திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். திரையை மடித்து மூடினார். மூடினால் கேமராவே அணைந்துவிடுமாம். அதையும் மெனுவில் தேடி மாற்றினார், அதுவரை எடுத்ததையெல்லாம் அழித்தார். கேமராவை வலது காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இப்ப எல்லாரும் என் வலது காதைப் பாருங்க" என்றார். விளக்கு வைத்துக் கண்ணுக்குள் பார்க்கும்போது வருகிறவர்களிடம் இருபத்தைந்து வருடங்களாக அவர் சொல்லிவரும் வசனம் அது. எல்லாரும் பழக்கப்பட்டவர்கள் போல அந்தக் காதைப் பார்த்து இயல்பாகப் பேசத் தொடங்கினார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். விளக்கு தெரியாது, ஒலி கேட்காது, திரை மூடியிருக்கிறது. கேமரா ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல அவர் கட்டைவிரலைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஓடச் செய்யவும் நிறுத்தவும் ஒரே பொத்தான்தான். கைப்பட்டையை இறுக்கும்போது அந்தக் கட்டைவிரல் தெரியாமல் அதை ஒருமுறை கூடுதலாக அமுக்கிவிட்டது.

(நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.)

அதிலிருந்து அவர் 'எடுக்கிறேன்' என்றபோதெல்லாம் கேமரா தூங்கியது. 'போதும்' என்று கையைத் தொங்கப்போட்டபோதெல்லாம் விழித்துக்கொண்டது.

மாலையில் அவர் தனியாகக் கீழே போனார். கேமராவைக் கண்ணாடிச் சட்டப் பெட்டிகளின் மேல் நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் எழுதி வைத்த காகிதம். முதலில் ஒத்திகை. பிறகு எழுந்து பொத்தானை அமுக்கி, திரும்பி வந்து, தடங்கலில்லாமல் ஒரே மூச்சில் பேசினார்: "நடந்தது நடந்துபோச்சு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. நீ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும், அதான் அண்ணனுக்கு வேணும்." அழகான பேச்சு. வாழ்த்து அட்டையில் அச்சடித்தால் விற்றுப்போகும்.

அதில் ஒரு எழுத்துகூடப் பதிவாகவில்லை.

7

மறுநாள் காலை நான்கு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் தரை வந்தது.

தரை தொடர்ந்து வந்தது. பிறகு அப்பாவின் செருப்பு. பிறகு கூரை, மின்விசிறி, மறுபடியும் தரை. குரல்கள் மட்டும் தெளிவாகக் கேட்டன. மைக் விஷயத்தில் கண்ணாடிக்காரர் ஏமாறவில்லை.

"எப்படி, சரியாப் பேசினேனா?" இது அப்பாவின் குரல். "முட்டி வலின்னு சொல்லித் தொலைச்சுட்டேனே. அவ கவலைப்படுவா. அதை வெட்டிடு."

"வயித்தை உள்ள இழுத்துக்கறேன், அப்புறம் எடுங்க." இது மனைவி. "இத்தனை நேரம் எடுத்தீங்களா? சொல்ல வேண்டாமா?"

"அத்தை இங்க இருந்தா இந்நேரம் சிரிச்சே செத்திருப்பாங்க." இது நீதிபதி. தொடர்ந்து அவள் பாதங்கள் இரண்டும் பாட்டே இல்லாமல் ஆடிக்கொண்டு கடந்து போயின.

முதலில் எல்லாரும் திகைத்தார்கள். பிறகு அப்பா சிரிக்கத் தொடங்கினார், அவரைப் பார்த்து மற்றவர்கள். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு மறுபடி எடுத்துடலாம்" என்று ரிமோட்டைத் தேடினார். அதற்குள் திரையில் மாடிப்படிகள் இறங்கின, கடை வந்தது, படம் ஓர் ஆட்டம் ஆடி நிலைத்து நின்றது. நாற்காலியில் அவர்.

"முழுப் படத்துலயும் முகம் தெரியறது உங்களுக்கு மட்டும்தான்பா" என்றாள் நீதிபதி.

ஒத்திகை ஓடியது. டிவியை அணைக்க அவர் ரிமோட்டை நீட்ட, மனைவி அதை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பேருந்தில் அறுபது பிள்ளைகளை அடக்குகிறவர். அவரிடமிருந்து எதையும் திரும்ப வாங்க முடியாது.

திரையில் கண்ணாடிக்காரர் பேசினார்:

"அன்புள்ள தங்கைக்கு... சே. லெட்டரா எழுதறேன்?"

"நான் பண்ணது என் கடமை. அந்தக் கப்பல்ல எத்தனை உசிரு... இதையேதான் ஏழு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

"அப்பாவுக்கே அந்தச் சிவப்பு-பச்சைக் குறை இருக்கு. அது தெரிஞ்சப்பவே உன்னையும் பார்த்திருக்கணும்... ம்ஹூம். பழியைத் தூக்கி அப்பா தலையில போடறேன்."

தண்ணீர் குடித்தார். காகிதத்தை மடித்தார், பிரித்தார். பிறகு காகிதத்தைப் பார்க்காமல், மெதுவாக:

"நான் எழுதினது தப்பில்ல. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். ஆனா கவர்... அந்தக் கவரை ஒட்டி உன் கையிலயே குடுத்தனுப்பினேன் பாரு. நீ எப்படிண்ணா, பாஸான்னு கேட்ட. எல்லாம் எழுதியிருக்கேன், போய்க் குடுன்னேன். நீ பாஸில்லன்னு எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல பயம். யாரோ ஒரு ஆபீசர் சொல்லட்டும்னு விட்டுட்டேன். நீ அந்தக் கவரை விசிறிக்கிட்டே படியிறங்கிப் போன. நான் இங்க நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். எழுதினதுக்குத்தான் உனக்குக் கோவம்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுல என் பக்கம் நியாயம் இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன்."

திரையில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம். இதெல்லாம் வேண்டாம். சுருக்கமா முடி" என்று சொல்லி எழுந்து வந்து பொத்தானை அமுக்கினார். படம் அங்கே வெட்டுப்பட்டது.

[அறையில் அமைதி — இல்லை, 'அறையில் அமைதி நிலவியது' என்று எழுதினால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். அப்பா மூக்கைச் சிந்தினார். அதுதான் கேட்டது.]

"இதை எனக்குக்கூடச் சொன்னதில்லையே நீங்க" என்றார் மனைவி.

"எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது" என்றார் கண்ணாடிக்காரர்.

எனக்கும்தான். சத்தியமாக இந்தக் கவரை இரண்டாம் பகுதியில் ஒரு தொடக்க வரிக்காகத்தான் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவது, அவர் கேட்ட முடிவு: எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எடுப்பது. மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நீதிபதி மட்டும், "கவர் விஷயத்தையும் மறுபடி சொல்லுவீங்களா?" என்றாள். "சொல்றேன்" என்றார். கரடியைப் பிய்த்தார்கள், திரையைத் திறந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா போலவே அட்டென்ஷன். இரண்டு நிமிடம் வாயைத் திறந்து மூடிவிட்டு, "நடந்தது நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். "போதும்பா" என்றாள் நீதிபதி. இதை அனுப்பியிருந்தால் கப்பலிடமிருந்து 'பார்த்தேன், சந்தோஷம்' என்று பதில் வந்திருக்கும். இன்னும் ஏழு வருடம் அப்படியே ஓடியிருக்கும்.

இரண்டாவது: வீடியோவைப் பார்த்துவிட்டுக் கப்பல் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள். இதை எழுதும்போது நான் அழுதேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துறைமுகத்தில் அவளுக்கு அவ்வளவு சுலபமாக லீவு கிடைக்குமா? கப்பல்கள் நடுக்கடலில் வரிசையில் நிற்குமே. அழித்துவிட்டேன்.

[மூன்றாவது: கண்ணாடிக்காரர் இரவு பகலாக உழைத்து ஒரு விசேஷக் கண்ணாடி செய்து அனுப்புகிறார். அதைப் போட்டதும் அவளுக்குச் சிவப்பும் பச்சையும் — நிறுத்துடா. இது விளம்பரம்.]

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் கண்ணாடிக்காரர் என்னைக் கேட்காமலே எழுந்தார். மெமரி கார்டை மகளிடம் கொடுத்தார்.

"அப்படியே அனுப்பு. ஒண்ணும் வெட்டாதே."

"முட்டி வலியையாவது வெட்டு" என்றார் அப்பா.

"அதுவும் போகட்டும்."

அனுப்பு என்ற பொத்தானை அவரே அமுக்கினார். பெரிய ஃபைல்; மெல்ல ஊர்ந்தது. கடையைத் திறக்க நேரமாகிவிட்டதால் கீழே போனார். ஒருவருக்குக் கண் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடி வந்தார்: முப்பத்தொன்று சதவீதம். இன்னொருவருக்குக் கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்கிவிட்டு வந்தார்: அறுபத்திரண்டு. 'ரத்து செய்' என்ற வார்த்தை பக்கத்திலேயே, விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை. என்னால் செய்ய முடியுமென்றும் தோன்றவில்லை. கீழே யாரோ "சார், இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார்கள். "இருக்கேன், வர்றேன்" என்று விரலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் அடுத்து வந்தபோது போய்ச் சேர்ந்திருந்தது.

9

அது புதன்கிழமை. வியாழன் பதிலில்லை. வெள்ளி, அவள் பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது, பதிலில்லை. சனிக்கிழமை முழுவதும் கண்ணாடிக்காரர் இடது கண்ணுக்குரியதை வலது கண்ணுக்கும் வலதுக்குரியதை இடதுக்கும் எழுதித் தள்ளினார். நல்லவேளை, எல்லாவற்றையும் மனைவி மறுபடி எழுத வைத்தார்.

ஞாயிறு. பதினோரு மணி. அண்ணியின் போன் அடித்தது. அண்ணி கீழே பேருந்தின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார், முழங்கைவரை சோப்பு நுரை. "நீங்களே எடுங்க!" என்று வாசலிலிருந்து கத்தினார். (கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? வேண்டுமென்றேதான் கழுவவில்லை.)

அவர் எடுத்தார்.

"அண்ணி?"

"நான்தான்மா."

மறுமுனையில் தூரத்தில் ஒரு கப்பல் ஊதுகிற சத்தம். யாரோ கதவைச் சாத்துகிறார்கள், சத்தம் குறைகிறது. அவள் போனை வைக்கவில்லை.

அடுத்த வரி அவளுடையது. ஒன்பது வரி எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் திட்டுகிறாள், ஒன்றில் அழுகிறாள், ஒன்றில் அப்பாவின் முட்டிக்கு மருந்து சொல்கிறாள். எல்லாம் என் குரலாகவே இருக்கின்றன. அவள் குரலை நான் கேட்டதே இல்லையே. உங்களுக்கு அப்படி ஒரு அண்ணனோ அக்காவோ தங்கையோ இருக்கலாம். பேசி வருடக்கணக்காகியிருக்கலாம். அப்படியென்றால் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக. பின்னாலேயே நாற்காலி கிடக்கிறது, மனுஷன் இன்னும் உட்காரவில்லை.